தொண்டையில் முள் இல்லை, ஆனாலும் குத்துகிறது! ஈகிள் சிண்ட்ரோமைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை அலைச்சல்?

"தம்பி, தொண்டையில மீன் முள்ளு மாட்டுன மாதிரியே இருக்குடா. மூணு நாளா போக மாட்டேங்குது."

கோட்டக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா போனில் இப்படிச் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலோர ஊர். வாரத்தில் நாலு நாள் மீன் குழம்பு. முள் மாட்டுவது புதுசா என்ன? "சோத்து உருண்டையை முழுங்கு, வாழைப்பழம் சாப்பிடு, இறங்கிடும்" என்றேன். அவரும் முழுங்கிப் பார்த்தார். இறங்கவில்லை. ஏனென்றால் அங்கே முள்ளே இல்லை.

அந்த மூன்று நாள், மூன்று வருடமானது. எச்சில் விழுங்கினால் இடது பக்கம் குத்தும். கொட்டாவி விட்டால் காதுக்குள் சுரீர் என்று இழுக்கும். ஸ்கூட்டரில் போகும்போது பின்னால் வண்டி வருகிறதா என்று தலையைத் திருப்பினால் தாடைக்குக் கீழே கத்தி வைத்தது போல் இருக்கும். இந்த மூன்று வருடத்தில் அக்கா பார்த்த டாக்டர்கள் 7 பேர். இதில் யாரையும் குறை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஆனால் கடைசியில் நோயைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு கையுறையும் ஒரு விரலும்தான் என்பதை நினைத்தால் இன்னமும் ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த நோயின் பெயர் ஈகிள் சிண்ட்ரோம்.

கழுகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

பெயரைக் கேட்டதும் கழுகு ஞாபகம் வரலாம். இது ஒரு டாக்டரின் பெயர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் காது-மூக்கு-தொண்டை மருத்துவராக இருந்த வாட் ஈகிள், 1937-ல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் பிரச்சினையைத் தெளிவாக விவரித்தார். இந்த எலும்பு நீள்வதை இத்தாலியின் மார்க்கெட்டி 1652-லேயே குறிப்பிட்டிருக்கிறார் என்றாலும், வலியையும் எலும்பையும் இணைத்துக் காட்டியதால் ஈகிளின் பெயரே நிலைத்துவிட்டது.

சரி, எந்த எலும்பு?

உங்கள் காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை வையுங்கள். அதற்கு உள்ளே, மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய எலும்பு முனை கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்தாணி மாதிரி கூரானது. இதை ஸ்டைலாய்டு முனை என்பார்கள். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. நம் எல்லோருக்கும் உண்டு. நாக்கையும் தொண்டையையும் அசைக்கும் மூன்று தசைகளும் இரண்டு இணைப்பு நார்களும் இதில்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

இதன் வழக்கமான நீளம் சுமார் 2.5 செ.மீ. 3 செ.மீ.யைத் தாண்டினால் 'நீண்டது' என்று பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு எலும்பே நீண்டிருக்கும். சிலருக்கு அதிலிருந்து தொண்டை எலும்புக்குப் போகும் நார் சுண்ணாம்பு படிந்து எலும்பு போல் இறுகியிருக்கும். இரண்டின் விளைவும் ஒன்றுதான்.

இந்த முனையைச் சுற்றித்தான் தொண்டைக்கும் காதுக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்புகள் ஓடுகின்றன. மூளைக்கும் முகத்துக்கும் ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் ரத்தக்குழாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. நெரிசலான சந்தில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் திண்ணையைத் தெருவுக்கு இழுத்துக் கட்டினால் என்ன ஆகும்? போகிறவர் வருகிறவர் எல்லோரும் இடித்துக்கொள்வார்கள். இங்கே இடிபடுவது நரம்பு, சில சமயம் ரத்தக்குழாய்.

ஏன் எல்லோரும் தவறவிடுகிறார்கள்?

இந்த வலி ஓரிடத்தில் நிற்பதில்லை. அதுதான் சிக்கல். தொண்டையில் முள் குத்துவது போல இருக்கும், இஎன்டி டாக்டரிடம் போவோம். தாடை வலிக்கும், பல் டாக்டரிடம் போவோம். கழுத்தைத் திருப்பினால் வலிக்கும், எலும்பு டாக்டர். தலைவலி, நரம்பியல் டாக்டர். ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் தன் இடத்தைப் பார்ப்பார். அங்கே எதுவும் இருக்காது.

அக்காவுக்கு நடந்ததும் இதுதான். முதலில் தொண்டை அழற்சி என்று ஆன்டிபயாட்டிக். பிறகு குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, அசிடிட்டிதான்" என்று வயிற்றுக்கு மாத்திரை. அடுத்து, கடைவாய்ப் பல்தான் காரணம் என்று ஒரு பல் பிடுங்கப்பட்டது. வலி போகவில்லை, பல்தான் போனது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காலர் போட்டுப் பார்த்தார். கடைசியாக ஒருவர் ரிப்போர்ட்களை எல்லாம் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மலாத்தான் இருக்கு. வீட்ல ஏதாச்சும் டென்ஷனாம்மா?" என்று கேட்டார்.

அன்று இரவு அக்கா அழுததுதான் எனக்கு மறக்கவில்லை. "வலிக்குதுன்னு சொல்றேன், இல்லன்னு சொல்றாங்கடா. நானே நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி என்றது. நம்மூர் புறநோயாளிப் பிரிவு ஸ்வீடனுக்கு அருகிலா, வங்கதேசத்துக்கு அருகிலா என்பதை ஒருமுறை டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அவகாசத்தில் அடிக்கடி பார்க்கும் நோய்தான் ஞாபகத்துக்கு வரும், அரிதானது வராது.

எவ்வளவு அரிது?

ஈகிள் போட்ட கணக்கு இது: நூற்றில் 4 பேருக்கு இந்த எலும்பு நீண்டிருக்கலாம். அவர்களிலும் மிகச் சிறிய பகுதியினருக்குத்தான், அதாவது 4 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் தொந்தரவு வரும். பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் நீண்ட எலும்புக்காரர்களின் எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவும் வந்திருக்கிறது.

ஈகிளின் கணக்கையே வைத்துக்கொண்டால், 1,000 பேரில் 40 பேருக்கு எலும்பு நீளம். வலி வருவது 2 முதல் 4 பேருக்கு. 30 முதல் 50 வயதுக்குள், அதிலும் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. 'அரிய நோய்' என்ற முத்திரை, கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணிக் குத்தியதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. 40 பேரில் 36 பேருக்கு மேல் எலும்பு நீண்டிருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆகவே ஸ்கேனில் "நீண்ட ஸ்டைலாய்டு" என்று ஒரு வரி வந்தாலே ஈகிள் சிண்ட்ரோம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அக்காவுக்கே வலது பக்கமும் எலும்பு நீளம்தான். அந்தப் பக்கம் ஒரு நாளும் வலித்ததில்லை.

விரல் சொல்லும் சேதி

அக்கா கடைசியாகப் பார்த்தது ஓர் இளம் இஎன்டி டாக்டர். அவர் பழைய ரிப்போர்ட்களைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்டார். ஒரே பக்கம்தானா? விழுங்கும்போது, கொட்டாவி விடும்போது, தலை திருப்பும்போது கூடுகிறதா? சின்ன வயதில் டான்சில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?

மூன்றுக்கும் பதில் ஆமாம்.

கையுறை மாட்டிக்கொண்டு, வாய்க்குள் டான்சில் இருந்த பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். அக்கா துள்ளி எழுந்தார். "அதே வலி, அதே இடம்!"

சாதாரண நீளமுள்ள ஸ்டைலாய்டு முனை அந்த இடத்தில் விரலுக்குத் தட்டுப்படாது. கெட்டியாக எலும்பு தட்டுப்பட்டு, அதை அழுத்தும்போது நோயாளிக்குப் பழக்கமான அதே வலி கிளம்பினால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்து சில டாக்டர்கள் அதே இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். சற்று நேரத்துக்காவது வலி அடங்கினால் அது இன்னொரு சாட்சி.

உறுதிப்படுத்துவது படம். பல் டாக்டர்கள் எடுக்கும் ஓபிஜி எக்ஸ்-ரேயிலேயே, அதாவது முழுத் தாடையும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்-ரேயிலேயே, இந்த எலும்பு தெரிந்துவிடும். எலும்பு எவ்வளவு நீளம், எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, ரத்தக்குழாய்க்கு எவ்வளவு பக்கம் என்பதெல்லாம் முப்பரிமாண சிடி ஸ்கேனில் துல்லியமாகத் தெரியும். ரத்தக்குழாய் அழுத்தப்படுகிறது என்ற சந்தேகம் இருந்தால் மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களையும் படம் எடுப்பார்கள்.

இனிமேல்தான் விஷயமே. அக்காவுக்குப் பல் பிடுங்குவதற்கு முன் ஓர் ஓபிஜி எடுத்திருந்தார்கள். அந்தப் படம் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்குக் கீழே ஒன்றரை வருடமாகக் கிடந்தது. அந்த டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் காட்டினார். காதுக்குக் கீழிருந்து ஊசி போல இறங்கும் வெள்ளைக் கோடு. எனக்கே தெரிந்தது.

பல்லைப் பார்க்க எடுத்த படத்தில் பல்லை மட்டும் பார்த்தார்கள். எலும்பு அங்கேயே இருந்தது, யாரும் அதைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எதை விலக்க வேண்டும்?

இதைப் படித்துவிட்டு, "எனக்கும் தொண்டை குத்துதே, இதுவாத்தான் இருக்கும்" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். விட்டுப்போகாத தொண்டை வலி, காதில் கோளாறு இல்லாமலே ஒரு பக்கக் காது வலி, விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், கழுத்தில் கட்டி — இவை தொண்டைப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். புகையிலை, பாக்குப் பழக்கம் புழங்கும் நம் ஊரில் இஎன்டி டாக்டர் முதலில் அதைத்தான் விலக்க வேண்டும். அதற்காகக் குழாய் விட்டுப் பார்ப்பது வீண் செலவு இல்லை. தாடை மூட்டுக் கோளாறு, நரம்பு வலி, பல் சொத்தை என்று விலக்க வேண்டியவை இன்னும் உண்டு.

ஈகிள் சிண்ட்ரோமில் இன்னொரு வகையும் இருக்கிறது. எலும்பு முனை கரோட்டிட் ரத்தக்குழாயை உரசும் வகை. தலைவலி, கண்ணைச் சுற்றி வலி, தலையைத் திருப்பினால் மயக்கம் என்று வரும். அபூர்வமாக, ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை மங்கினாலோ எந்த எலும்பு என்று யோசிக்க நேரமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், 2019-ல் "செல்போன் பார்ப்பதால் இளைஞர்களின் மண்டையில் கொம்பு முளைக்கிறது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது நினைவிருக்கலாம். அது பின்மண்டையில் இருக்கும் ஒரு மேட்டைப் பற்றியது. ஸ்டைலாய்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. போனைக் குனிந்து பார்த்தால் கழுத்துத் தசை வலிக்கும்தான், ஆனால் அந்த வலி வேறு.

ஆபரேஷன் கட்டாயமா?

இல்லை. வலி மாத்திரை, நரம்பு வலிக்கான மாத்திரை, அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றால் பலர் சமாளித்துவிடுகிறார்கள். இவை எலும்பைக் குறைக்காது, வலியைத்தான் குறைக்கும். அப்படியும் அடங்காதவர்களுக்கு நீண்ட பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. வாய் வழியாகச் செய்தால் வெளியே தழும்பு இருக்காது, ஆனால் டாக்டருக்குப் பார்வை இடம் குறுகல். கழுத்து வழியாகச் செய்தால் ரத்தக்குழாயும் நரம்பும் நன்றாகத் தெரியும், ஆனால் தழும்பு இருக்கும், முக நரம்பைக் கவனமாகக் காக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு நிவாரணம் கிடைக்கிறது. எல்லோருக்கும் முழுசாகக் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் வெட்டுவதற்கு முன் நோய் இதுதான் என்று உறுதிப்படுத்துவது இத்தனை முக்கியமாகிறது.

அக்கா இப்போதைக்கு மாத்திரையோடு இருக்கிறார். வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. மீதி இருக்கிறது.

ஒரு ஊர், மூன்று அரசுகள், ஒரு பை

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஆனால் ஊர் முடியும் இடத்தில் புதுச்சேரி தொடங்கிவிடுகிறது. வலி வந்தால் எங்கே போவது? மத்திய அரசின் ஜிப்மர், புதுச்சேரி அரசின் மருத்துவமனை, தமிழக அரசின் திண்டிவனம் மருத்துவமனை அல்லது முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி. இதற்கு நடுவே தனியார் கிளினிக்குகள், பல் மருத்துவமனைகள். வசதிக்குக் குறைவில்லை என்று தோன்றும். உண்மையும்தான்.

குறை எங்கே என்றால், இந்த இடங்களை இணைக்கும் ஒரே பாலம் நோயாளியின் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பை. ஓரிடத்தில் எடுத்த படம் இன்னோரிடத்துக்குத் தெரியாது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் எல்லோருக்கும் 14 இலக்க எண் தந்து மருத்துவப் பதிவுகளை இணைப்போம் என்றார்கள். எண் வாங்கியவர்கள் பலர். ஆனால் அக்காவின் 7 டாக்டர்களில் ஒருவர்கூட அந்த எண்ணைக் கேட்கவில்லை.

எனவே என் கோரிக்கைகள் சின்னவை. புது மருத்துவமனை கட்டச் சொல்லவில்லை, புது மெஷின் வாங்கச் சொல்லவில்லை.

ஒன்று, ஓபிஜி எடுக்கும் பல் மருத்துவமனைகள் ரிப்போர்ட்டில் ஸ்டைலாய்டு பற்றி ஒரு வரி எழுதட்டும். படம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, கூடுதல் செலவு இல்லை.

இரண்டு, ஒரு பக்கத் தொண்டை வலிக்கு எந்தக் காரணமும் கிடைக்காதபோது, "ஒண்ணும் இல்ல" என்று அனுப்புவதற்கு முன் அந்த விரல் பரிசோதனை நடக்கட்டும். ஒரு நிமிட வேலை.

மூன்று, வலிக்குப் பொருந்தாத பல்லைப் பிடுங்குவதற்கு முன் இஎன்டி டாக்டரிடம் ஒருமுறை கேட்கட்டும். பல் திரும்ப முளைக்காது.

நான்காவது நமக்கு. ரிப்போர்ட் பேப்பரோடு நிற்காமல் படத்தையும் கேட்டு வாங்குங்கள். போனில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எது செய்தால் கூடுகிறது, யாரைப் பார்த்தோம், எந்த மருந்து வேலை செய்தது, எது செய்யவில்லை. டாக்டர் தரும் இரண்டு நிமிடத்தில் ஒன்றை இந்தப் பக்கம் மிச்சப்படுத்தும். கூகுளில் பார்த்த நோயின் பெயரோடு உள்ளே போனால் பல டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள். "டாக்டர், ஸ்டைலாய்டு எலும்பாக இருக்குமா என்று ஒருமுறை பார்க்க முடியுமா?" என்று கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நோயின் பெயர் தெரிந்த அன்று அக்காவுக்கு வலி கொஞ்சமும் குறையவில்லை. மருந்தே அப்போது தொடங்கியிருக்கவில்லை. ஆனாலும் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றார். "நான் பொய் சொல்லலைன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு இல்லடா" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது "எங்கேயோ குத்துது, ஆனா ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், டென்ஷன் என்று ஒதுக்குவதற்கு முன் பீரோவைத் திறந்து பழைய எக்ஸ்-ரேக்களை வெளியே எடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவற்றையும் கொண்டு போங்கள்.